குழலின் அடியில் குத்திய எண்

ஜெர்மனியின் சூல், செல்லா-மேலிஸ் ஊர்களில் 1940-க்கு முன் செய்த பல வேட்டை ரைபிள்களில் தோட்டாவின் பெயரே இருக்காது. இருப்பது குழல் துளையின் அளவு. அதைத் தோட்டாவின் பெயராகப் படிப்பதுதான் வழக்கமான தவறு.

குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடிப்பக்கத்துப் பிசுக்கைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முத்திரைகள் தெரியும். துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கச் சொன்ன 1891 ஜெர்மன் சட்டத்தின்படி (நடைமுறை 1893 முதல்) கிரீடத்தின் கீழ் 'பி' இருந்தால் சுட்டுச் சோதித்தது, 'ஜி' இருந்தால் உள்ளே புரி (சுருள் பள்ளங்கள்) வெட்டிய குழல், 'யு' இருந்தால் பரிசோதனையில் தேறியது.

பழைய குழல்களில் '156,14' என்றிருக்கும் (ஜெர்மன் வழக்கில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி). துளைக்குப் பொருந்தும் ஈயக் குண்டு ஓர் ஆங்கிலப் பவுண்டுக்கு எத்தனை என்ற கணக்கு அது, அதாவது 0.310 அங்குலம், 7.87 மி.மீ. '108,49' என்றால் 8.89 மி.மீ. எண் கூடினால் துளை குறையும்.

1912-ஐ ஒட்டி மில்லிமீட்டர் வந்தது. '7,8/57' என்பதில் முன்னது புரி மேடுகளுக்கு இடைப்பட்ட துளை, பின்னது தோட்டாக் கூட்டின் நீளம். சிக்கல் இங்கேதான். 0.1 மி.மீ. படிகளில் அளவுக்கம்பிகளை விட்டுப் பார்த்து, கடைசியாக நுழைந்ததன் எண்ணைக் குத்தினார்கள். எனவே 7.80-ம் '7,8', 7.89-ம் '7,8'. 8×57 'ஐ' என்ற தோட்டாவுக்குத் துளை 7.80, குண்டு 8.08, 8×57 'ஐஎஸ்' என்ற தோட்டாவுக்குத் துளை 7.89, குண்டு 8.22. (பலர் 'ஜே' என்று படிப்பது பழைய ஜெர்மன் எழுத்தின் 'ஐ'.) தடித்த குண்டை ஒடுங்கிய குழலில் சுட்டால் அழுத்தம் எகிறும்.

ஆகவே எண்ணெய் தடவிய குழலில் மென்மையான ஈயத் துண்டைத் தட்டி இறக்கி, குழலின் பள்ளங்கள் அதில் மேடாகப் பதிந்த இடத்தின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். தோட்டா அறைக்கு செரோசேஃப் என்ற, குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையில் வார்ப்பு எடுக்கலாம். அந்த உலோகம் முதலில் சுருங்கும், பிறகு விரியும். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் அறையின் அளவு சரியாக வரும்.

'2,75' அருகே 'ஜி.பி.பி.' (ஒரு வகைப் புகையில்லா வெடிமருந்தின் சுருக்கப் பெயர்) இருந்தால், அது அந்த மருந்தின் எடை, கிராமில். புகையில்லா மருந்தால் சோதித்ததைக் காட்டும் கிரீடத்தோடு கூடிய 'என்' இல்லாததால் மட்டும் அதைக் கரிமருந்துத் துப்பாக்கி என்று ஒதுக்கக் கூடாது. 'என்' 1911-க்குப் பின்னரே வந்தது. 1920-களின் குழலில் '428' இருந்தால், 1928 ஏப்ரலில் சோதித்தது.

முத்திரை 57 என்று சொல்லி வார்ப்பு அதைவிட நீண்டால், சோதனைக்குப் பிறகு யாரோ அறையைக் குடைந்திருக்கிறார்கள். அந்த முத்திரை இனி அந்தக் குழலுக்குப் பொறுப்பேற்காது. மறுசோதனை ஆகும்வரை சுடக் கூடாது.