சைபர்னா பூஜ்யமா, சுக்கானா?

சைபர் செக்யூரிட்டில ரிசர்ச் பண்றேன்னு வயசானவங்க யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க, சைபர்ல ஆராய்ச்சி பண்ண என்னடா இருக்குன்னு கேப்பாங்க. அவங்க மேல தப்பே இல்ல, தமிழ்ல சைபர்னா ரொம்ப காலமா பூஜ்யம்தானே, பரிட்சைல வாங்கினா முதுகு பழுக்கும்.

அந்த சைபர் அரபி. 'ஸிஃப்ர்'னா காலி, ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஐரோப்பாவுக்குப் போய் சைஃபர் ஆகி, பின்னாடி ரகசியக் குறியீட்டுக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு. என்கிரிப்ஷன், அதாவது தகவலை ரகசியக் குறியீடா மாத்துற வித்தை, படிக்கிறவங்க இன்னும் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க, அதனால இந்த சைபரும் சைபர் செக்யூரிட்டில வர்ற சைபரும் ஒரே குடும்பம்னு தோணும், ஆனா கிடையாது.

செக்யூரிட்டிக்கு முன்னாடி வர்ற சைபர் கிரேக்கம். 'குபெர்னேட்டேஸ்'னா கப்பல்ல சுக்கான் பிடிக்கிறவர், பழைய தமிழ்ல சொன்னா மீகாமன். கவர்னர், கவர்ன்மென்ட் எல்லாம் அதே வேர்தான், லத்தீன் வழியா சுத்தி வந்துச்சு. 1948ல நார்பர்ட் வீனர்ங்கிற கணிதப் பேராசிரியர், மெஷினும் உயிரும் தன்னைத்தானே எப்படி கட்டுப்படுத்திக்குதுன்னு எழுதின புக்குக்கு 'சைபர்னெடிக்ஸ்'னு பேர் வச்சார், அப்புறம் 1950லயே இந்த டெக்னாலஜி மனுஷனை என்ன பண்ணும்னு இன்னொரு புக்கும் எழுதினார், டெக் எதிக்ஸ் வரலாறு சொல்றவங்க நிறைய பேர் அங்க இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. 1982ல வில்லியம் கிப்சன்ங்கிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் ஒரு கதைல, கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற கற்பனை வெளிக்கு 'சைபர்ஸ்பேஸ்'னு எழுதினார். அதோட சுக்கான் போச்சு, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எது முன்னாடியும் ஒட்டுற ஸ்டிக்கர் ஆயிடுச்சு.

சரி, தமிழ்ல? 'இணையப் பாதுகாப்பு'ன்னுதான் நிறைய பேர் எழுதுறோம். எனக்கு அது பத்தல. 2010ல வெளிய தெரிஞ்ச ஸ்டக்ஸ்நெட் வைரஸ் நெட் கனெக்‌ஷனே இல்லாத கம்ப்யூட்டருக்கும் பென் டிரைவ் வழியா தாவும், இரான்ல நடான்ஸ் அணு நிலையத்து மெஷின்களையே கெடுத்துச்சு, அதுல இணையம் எங்க இருக்கு? அதனால 'மின்வெளிப் பாதுகாப்பு'தான் என் ஓட்டு. இதோட சேர்ந்து வர்ற எதிக்ஸுக்கு 'நெறிமுறை' வேண்டாம், கம்ப்யூட்டர் தமிழ்ல அதை ஏற்கனவே ப்ரோட்டோகாலுக்கு, அதாவது கம்ப்யூட்டருங்க தங்களுக்குள்ள பேசிக்கிற விதிகளுக்குக் குடுத்தாச்சு, 'அறம்' இருக்கும்போது எதுக்கு குழப்பம். டிஜிட்டல் பிஹேவியருக்கு சிலர் 'எண்ணிம நடத்தை'ன்னு எழுதுறாங்க, சொல் நல்லாத்தான் இருக்கு, ஆனா எண்ணுன்னு ஆரம்பிச்சா பெருசுங்க மறுபடி பூஜ்யத்துக்கே போயிடுவாங்க.