ஆக்சென்ட் என்பது வட்டார வழக்கு அல்ல

ஒரு நாடக விழாவின் துண்டறிக்கையில் அண்மையில் படித்தேன்: ‘பூக்காரப் பெண்ணின் வட்டார வழக்கைப் பேராசிரியர் திருத்துகிறார்.’ பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் பற்றிய பேச்சு வந்தாலே இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. பேராசிரியர் திருத்துவது அவளுடைய ஆக்சென்ட்டை, அதாவது பிறந்த ஊரையும் வளர்ந்த சூழலையும் காட்டிக்கொடுக்கும் ஒலிப்பாங்கை. அதைத் தமிழில் ‘வட்டார வழக்கு’ ஆக்கிவிடுகிறார்கள். இனியும் பொறுக்க முடியவில்லை.

ஆக்சென்ட் லத்தீன் வழி வந்த சொல். அதற்குள் இருப்பது ‘பாட்டு’ என்று பொருள்படும் ‘கான்டுஸ்’. சொல்லோடு சேர்ந்து ஒலிக்கும் பாட்டு என்பதே மூலப்பொருள். ஆகவே சொல் வேறு, அதன்மேல் ஏறிவரும் பாட்டு வேறு.

வட்டார வழக்கு அப்படியல்ல. அதில் சொற்களும் சொற்றொடர் அமைப்பும் அடங்கும். வட்டாரங்களில் வழங்கும் சொற்களைத் தொல்காப்பியர் திசைச்சொல் என்றார்; அவர் பேசியதும் சொல்லைத்தான்.

இந்த வேறுபாட்டை விளக்க ஷாவின் மூன்றாம் அங்கத்தை விட நல்ல பாடம் கிடையாது. பேராசிரியர் ஹிக்கின்ஸின் தாயார் வீட்டுக்குப் பூக்காரப் பெண் எலைசா வருகிறாள். ஒவ்வோர் ஒலியும் மாளிகை ஒலி. ஆனால் அவள் சொல்வதோ, அத்தை இன்ஃப்ளுயன்சாவில் சாகவில்லை, தொப்பியைத் திருடியவர்களே அவளைத் தீர்த்துக்கட்டினார்கள் என்ற தெருக்கதை. சொற்களும் இலக்கணமும் பழைய எலைசாவுடையவை. அங்கிருக்கும் இளம்பெண் கிளாரா அதைப் புதுநாகரிகப் பேச்சு என்றே நம்பிவிடுகிறாள். ஹிக்கின்ஸ் அதுவரை மாற்றியிருந்தது ஆக்சென்ட்டை மட்டும். வழக்கு அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றென்றால் இந்தக் காட்சியில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆக்சென்ட்டைச் சிலர் ‘உச்சரிப்பு’ என்பார்கள். அது வடசொல் என்று கடிந்து, ‘பலுக்கல்’ என்று மாற்றச் சொல்வார்கள் தனித்தமிழ் அன்பர்கள். தனித்தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு. ஆனால் இங்கே பிழை பொருளில் இருக்கிறது. சொல்லின் பிறப்பைத் திருத்தி அதைப் போக்க முடியாது. உச்சரிப்பில் சரி, பிழை என்று உண்டு. ஒருவர் ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்கலாம். ஆக்சென்ட்டோ வாய் திறக்கும் எல்லோருக்கும் உண்டு. எலைசாவுக்கு இருப்பதுபோல ஹிக்கின்ஸுக்கும் இருக்கிறது. ஒன்றை மேல் என்றும் மற்றதைக் கீழ் என்றும் வைத்தது லண்டன் சமூகம். ‘கொச்சை’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் அந்தச் சமூகத்தின் பக்கம் போய் நின்றுகொள்கிறார். ஷா எதை எதிர்த்து எழுதினாரோ அதையே அவர் வாயில் திணிக்கிறார்.

நம் பேச்சிலேயே சொல் இருக்கிறது. ‘மலையாள வாடை அடிக்கிறது’ என்கிறோம். வாடையில் இளக்காரம் ஒட்டியிருப்பதால் அதை விட்டுவிடலாம். ‘சாயல்’ பழுதற்றது. தாயின் சாயல் மகளிடம் இருப்பதுபோல, பிறந்த தெருவின் சாயல் பேச்சில் இருக்கிறது. பேச்சுச்சாயல் என்றே எழுதலாம். அகராதியின் முதல் பொருளை எடுத்துப்போட்டு நகரும் அவசரம்தான் இதைத் தடுக்கிறது.

இந்தச் சொல்லை ஷா பின்னர் சேர்த்த தூதரக விருந்துக் காட்சியில் வைத்துப் பாருங்கள். எலைசா ஆங்கிலேயப் பெண்ணே அல்ல, ஹங்கேரிய இளவரசி என்று அடித்துச் சொல்கிறார் ஹிக்கின்ஸின் பழைய மாணவர். இவ்வளவு செம்மையாக ஆங்கிலம் பேசுவது கற்றுக்கொண்ட அயலாருக்குத்தான் வருமாம். அவளிடம் எந்தத் தெருவின் சாயலும் இல்லை என்று இதை விளக்கலாம். எந்தத் தெருவின் உச்சரிப்பும் இல்லை என்று எழுதினால் அவள் ஊமை என்றல்லவா ஆகிவிடும்!