பதிவானதுமே பக்கத்தில் ஒரு மாணவி: பிரிட்டன் மிட்வைஃபரி விதி சொல்வது என்ன?

பிரிட்டனில் மிட்வைஃபரி (பேறுகாலக் கவனிப்புப் படிப்பு) முடித்து, செவிலியரையும் மிட்வைஃப்களையும் பதிவுசெய்யும் அமைப்பான நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் பெயர் பதிவானதுமே அடுத்த மாணவிக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உங்களிடம் வரலாம். முன்பு அப்படியில்லை. 2008 விதிப்படி ‘மென்டார்’ (மாணவிக்கு வழிகாட்டி மதிப்பிடுபவர்) ஆவதற்குப் பதிவுக்குப் பின் ஓராண்டாவது வேலை பார்த்திருக்க வேண்டும். 2018-ல் வந்த மாணவர் மேற்பார்வை, மதிப்பீட்டுத் தரநிலைகளில் அந்த நிபந்தனை இல்லை. உரிய தயாரிப்பு இருந்தால் போதும். அதனால் அந்தத் தயாரிப்பைப் படிக்கும்போதே முடிப்பதுதான் நல்லது. 2019 நவம்பரில் வெளியான மிட்வைஃப் தகுதித் தரநிலைகளும் இதைக் கேட்கின்றன. மாணவியை மேற்பார்வையிடவும், குறைநிறை சொல்லவும், அவர் செயல்பாட்டை எழுதிவைக்கவும் தெரிந்தவர்தான் பதிவுக்குத் தகுதியானவர்.

பொறுப்பு மூவரிடம் பிரிந்திருக்கிறது. தினமும் கூட இருந்து கற்றுக்கொடுப்பவர் பிராக்டிஸ் சூப்பர்வைசர். இவர் மிட்வைஃபாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவு பெற்ற மருத்துவரும் இருக்கலாம். தேறினாரா இல்லையா என்று சொல்பவர் பிராக்டிஸ் அசெசர். பல்கலைக்கழகத்தின் சார்பில் அதை உறுதிசெய்பவர் அகாடமிக் அசெசர். படிப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இவர் மாற வேண்டும். இந்த இருவரும் மிட்வைஃபாகவே இருக்க வேண்டும். புதிதாகப் பதிவானவருக்கு முதலில் வருவது சூப்பர்வைசர் வேலை. தேர்ச்சி முடிவு அவர் கையில் இல்லை. ஆனால் அவர் எழுதும் குறிப்பை வைத்துத்தான் அசெசர் முடிவெடுக்கிறார்.

சிக்கல் பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான். ‘நன்றாகச் செய்தார்’ என்று எழுதினால் அசெசருக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் ஆண்டு மாணவி முதலாண்டு மாணவிக்குக் கருப்பை உயரம் அளக்கக் கற்றுக்கொடுக்கிறார் என்று வையுங்கள். முதலில் கர்ப்பிணியிடம் அனுமதி. சிறுநீர் கழித்துவிட்டு வந்தாரா என்று கேட்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை அளவைக் கூட்டிக் காட்டும். கருப்பையின் உச்சியைக் கையால் கண்டுபிடித்து, அங்கிருந்து இடுப்பு முன்னெலும்பின் மேல்விளிம்பு வரை நாடாவைப் பிடிக்க வேண்டும். கருப்பை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நாடாவும் அதன் போக்கிலேயே போகட்டும். எண்கள் உள்ள பக்கம் வயிற்றைப் பார்த்து இருக்க வேண்டும். இது எத்தனையாவது கர்ப்ப வாரம் என்று தெரிந்தவர் எண்ணைப் பார்த்தால், தன்னையறியாமல் எதிர்பார்த்த அளவுக்கு நாடாவை இழுத்துவிடுவார். இத்தனையையும் கவனித்தவர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘மூன்று பேருக்கு அளந்தார். முதலிருவருக்கு நாடாவின் எண்பக்கம் மேலே இருந்தது. காரணம் சொன்னதும் மூன்றாமவருக்குத் தானாகவே திருப்பிப் பிடித்தார். அளவை வளர்ச்சி வரைபடத்தில் குறிக்க இன்னும் உதவி தேவை.’ அன்றைய ஷிப்ட் முடியும் முன்பே எழுதுங்கள். வாரக் கடைசியில் எழுதினால் எல்லா நாளும் ஒரே நாளாகிவிடும்.

தலைமையேற்கும் பயிற்சியும் இதே மாதிரி வேலையோடு வேலையாக நடக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில், சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்க, சில தாய்மாரின் கவனிப்பை மாணவியே திட்டமிட்டு, ஷிப்ட் மாறும்போது அவரே ஒப்படைக்கட்டும். துணைப் பணியாளரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அவருக்கு அது தெரியுமா என்று முன்பே பார்ப்பதும், முடிந்தபின் எப்படி முடிந்தது என்று பார்ப்பதும் கொடுத்தவர் கடமை. கவுன்சிலின் நடத்தை விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிவிட்டு எண்ணைக் கேட்காமல் விட்டால் பழி எண்ணைப் பார்த்தவர்மேல் மட்டும் போகாது.

இன்னொன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாணவி பணியாளர் எண்ணிக்கைக்கு வெளியே இருப்பவர். ஆள் குறைந்த இரவில் மூன்றாம் ஆண்டு மாணவியைப் பதிவு பெற்றவர் இடத்தில் நிறுத்துவது விதிமீறல். அவருக்குக் கற்கவும் வழியில்லாமல் போகும், தாய்க்கும் ஆபத்து. மாணவிகளுக்குத் துணைநிற்கவும் அவர்கள் குறையைக் கேட்கவும் ஒவ்வொரு பயிற்சி இடத்திலும் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. நீங்கள் மாணவியானால், முதல் நாளே அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கான அசெசர் யார் என்பதையும் அப்போதே கேளுங்கள்.