கெட்டுப்போன சிப்பைத் திரையே காட்டிக்கொடுக்கும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லண்டனில் இருக்கும் பெரியப்பா தன்னுடைய பழைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48 கே கணினியைக் கொடுத்தனுப்பினார். டிவியில் இணைத்தால் வெறும் கோடுகள்தான் வருகின்றன. சரிசெய்ய வழி உண்டா?"

உண்டு. அந்தக் கோடுகளே வழி சொல்லும்.

1982 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட கணினி இது. 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ பிராசஸர், 16 கே ரோம் (நிலையான நிரல் இருக்கும் நினைவகம்), 48 கே ராம் (எழுதி மாற்றக்கூடிய நினைவகம்), திரையையும் விசைப்பலகையையும் கவனிக்க ஃபெரான்டி நிறுவனம் செய்துகொடுத்த ஒரு தனிச் சிப். அவ்வளவுதான் உள்ளே.

முதலில் அடாப்டரைப் பாருங்கள். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், அதுவும் பின்னின் நடுவில் மைனஸ். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுவில் பிளஸ். மாற்றிச் செருகினால் நல்ல கணினியும் கெட்டுவிடும்.

அடுத்தது வோல்டேஜ். 48 கே ராம் கீழ் 16 கே, மேல் 32 கே என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கீழ் 16 கே நினைவகத்தில் இருப்பவை 4116 வகைச் சிப்கள். ஒவ்வொன்றுக்கும் +12, +5, -5 என மூன்று வோல்டேஜ் தேவை. -5 என்பது சிப்பின் சிலிக்கான் அடித்தளத்துக்குக் கொடுக்கப்படுவது. அது நின்றுபோய் +12 மட்டும் தொடர்ந்தால் சிப்புக்குள் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து, சூடாகி, செத்துவிடும். செத்த சிப் ஷார்ட் ஆனால், இந்த வோல்டேஜ்களை உண்டாக்கும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். டிஆர்4-ஐ மட்டும் மாற்றினால் புதியதும் எரிவது இதனால்தான். மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையை 4116-இன் 16ஆம் காலில் வைத்து அளந்தால் 1ஆம் காலில் -5, 8இல் +12, 9இல் +5 வர வேண்டும். இவை சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு போகலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஒரு 4116 சிப்பில் 16,384 பிட்கள் இருக்கின்றன. பிட் என்றால் ஒரு 0 அல்லது 1. ஆனால் ஒரு முகவரிக்கு அது தருவது ஒரே ஒரு பிட்தான். எனவே எட்டுச் சிப்கள் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டெழுத்துச் சொற்களை எழுத எட்டுப் பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் எழுத்து எழுதுவதைப் போல. மூன்றாமவருக்கு உடம்பு சரியில்லை என்றால் எல்லாச் சொல்லிலும் மூன்றாம் எழுத்துதான் பிழையாக வரும். போர்டில் ஐசி6 என்று குறிக்கப்பட்ட சிப் பிட் 0-ஐ (பைட்டின் வலக்கோடிப் பிட்) வைத்திருக்கிறது, ஐசி7 பிட் 1-ஐ, இப்படியே ஐசி13 பிட் 7-ஐ.

ஸ்பெக்ட்ரமின் திரை நினைவகமும் இதே கீழ் 16 கே-யில்தான் இருக்கிறது. ரோம் நிரல் முதல் வேலையாக நினைவகத்தைச் சோதிக்கும். எல்லா இடத்திலும் 2 என்று எழுதும், பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஒன்று குறைத்து, பூஜ்ஜியம் வருகிறதா என்று பார்க்கும். இரும எண்ணில் 2 என்பது 00000010. திரை நினைவகத்தில் புள்ளிகளைக் குறிக்கும் படப்பகுதியில் அது எட்டுப் புள்ளிக்கு ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. நிறங்களைக் குறிக்கும் நிறப்பகுதியில் அதே 2-க்குக் கறுப்புப் பின்னணியில் சிவப்பு என்று பொருள். நல்ல கணினியில் சில கணங்கள் மெல்லிய சிவப்புக் கோடுகள் தோன்றி மறையும்.

இப்போது ஐசி6 செத்துப்போய் எப்போதும் 1 என்றே சொல்கிறது என்று வையுங்கள். எழுதியது 2, திரைக்குப் போவது 3. கோடு இரண்டு புள்ளி அகலமாகும், நிறம் மெஜந்தாவாகும். ஐசி8 அப்படிச் சொன்னால் கோடு மஞ்சள். ஐசி9 என்றால் நீலப் பின்னணியில் சிவப்பு. ஐசி10 என்றால் பின்னணியும் சிவப்பாகி, கோடே தெரியாமல் திரை முழுக்கச் சிவப்பு. ஐசி13 என்றால் மினுக் மினுக்கென்று மின்னும், ஏனென்றால் நிறப் பைட்டில் பிட் 7தான் மின்னச் சொல்லும் பிட். எந்தக் கருவியும் இல்லாமல், டிவியைப் பார்த்தே நோயாளி யார் என்று சொல்லிவிடலாம்! கோடுகளில் எந்த ஒழுங்கும் இல்லை, சிவப்பே எட்டிப்பார்க்கவில்லை என்றால், 2 எழுதும் வேலையே நடக்கவில்லை. அப்போது ரோம், பிராசஸர் பக்கம் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய கணினி என்றதுமே எல்லாக் கண்டென்சர்களையும் மாற்று, எல்லா ராமையும் மாற்று என்பார்கள். நாற்பது வருடத்தில் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் உலர்ந்துபோவது உண்மைதான். ஆனால் அளக்காமலே மாற்றுவதை நான் மூடநம்பிக்கை என்றுதான் சொல்வேன். சரியானால் எது காரணம் என்று தெரியாது. ஆகவில்லை என்றால் பழைய பழுதோடு நம் சால்டரிங் தவறும் சேர்ந்துகொள்ளும். இந்தப் போர்டின் செப்புத் தடங்கள் சூட்டில் எளிதாக உரிந்து வந்துவிடும். பாலிடெக்னிக் ஆய்வகங்கள் இப்படிப்பட்ட போர்டுகளை எடைக்குப் போடாமல் மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிட்டையும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் கணினி இன்று வேறு ஏது?

சரி, மேல் 32 கே கெட்டிருந்தால்? கணினி வழக்கம்போலத் தொடங்கும், ஆனால் தன்னை 16 கே என்று நினைத்துக்கொள்ளும். 23732, 23733 முகவரிகளில் இருப்பதை பேசிக் மொழியின் பீக் (PEEK) கட்டளையால் படித்து, இரண்டாவதை 256-ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டுங்கள். 65535 வந்தால் முழு நினைவகமும் நலம். 32767 வந்தால் பழுது மேலே. அங்கே இருப்பவை 64 கிலோபிட் சிப்களாகச் செய்யப்பட்டு, ஒரு பாதி தேறாததால் 32 கிலோபிட் என்று மலிவாக விற்கப்பட்டவை. தேறிய பாதி எது என்பதற்கேற்ப போர்டில் ஒரு வயர் இணைப்பு உண்டு. மாற்றுச் சிப் வாங்கும்போது மற்ற ஏழும் எந்தப் பாதியோ அதே பாதி வேலைசெய்யும் சிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.