வாட்சைத் தட்டினால் போனில் பாட்டு மாறுவது எப்படி?

காலை நடைக்குப் போகும்போது போன் பாக்கெட்டில் இருக்கும், இயர்பட்ஸ் காதில், ஃபிட்னஸ் வாட்ச் கையில். பாட்டு பிடிக்கவில்லையென்றால் வாட்ச் திரையில் ஒரு தட்டு தட்டுவேன், அடுத்தது வந்துவிடும். புது ஆண்ட்ராய்டு போன் வாங்கியதும் இது நின்றுபோனது. நடந்த அடிகளும் இதயத்துடிப்பும் ஒழுங்காகப் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன, பாட்டு மட்டும் அசையவில்லை. தேடிப் பார்த்தால், வாட்ச் செயலி கேட்ட 'நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் அனுமதி'யை நான் மறுத்திருந்தேன். பாட்டு மாற்றுவதற்கு அது எதற்கு?

இதைப் புரிந்துகொள்ள, அந்தத் தட்டு போகும் வழியைப் பார்க்க வேண்டும். பாட்டு வாட்சைத் தொடுவதே இல்லை, போனிலிருந்து நேராக இயர்பட்ஸுக்குப் போகிறது. நல்ல தரத்தில் ஒரு நொடிப் பாட்டுக்குச் சுமார் 40,000 பைட் ஆகும். வாட்ச் அனுப்புவதோ சில பைட்தான். அதனால்தான் 2010-இல் ப்ளூடூத் 4.0-உடன் வந்த 'லோ எனர்ஜி' முறை அதற்குப் போதுமானதாக இருக்கிறது. இந்த முறையில் வாட்சுக்குள் சிக்னல் அனுப்பிப் பெறும் ரேடியோ பெரும்பாலான நேரம் தூங்கும், குறித்த இடைவெளியில் மட்டும் விழித்துப் போனோடு பேசும். இடைவெளி 7.5 மில்லி நொடியிலிருந்து 4 நொடி வரை இருக்கலாம். பேட்டரியை மிச்சப்படுத்த இடைவெளியை நீட்டி வைத்திருந்தால், தட்டியதும் பாட்டு மாறச் சற்றுத் தாமதமாகும்.

சரி, கட்டளை போனுக்கு வந்துவிட்டது. அதை வாங்குவது வாட்ச் கம்பெனியின் செயலி, பாட்டை ஓட்டுவது வேறொரு செயலி. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இன்னொன்றின் உள்ளே கைவிட முடியாது. அதற்காக 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-இல் 'மீடியா செஷன்' என்ற ஏற்பாடு வந்தது. பாட்டுச் செயலி, 'இந்தப் பாட்டு ஓடுகிறது, இத்தனையாவது நொடியில் இருக்கிறது, என்னை நிறுத்தலாம், அடுத்ததற்குத் தள்ளலாம்' என்று சிஸ்டத்திடம் பதிந்து வைக்கிறது. வெளிச் செயலி ஒன்று அந்தப் பதிவுகளைப் பார்க்க வேண்டுமென்றால், நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி. என் வாட்ச் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

இந்த விதி எனக்கு உடன்பாடில்லை. பாட்டை மாற்ற நினைப்பவர், நண்பர்களின் மெசேஜ்களையும் சேர்த்துப் படிக்கக்கூடிய அனுமதியைத் தர வேண்டியிருக்கிறது. சாதாரணச் செயலிகளுக்கும் இசைக்கு மட்டும் தனி அனுமதி இருந்திருக்கலாம். ஆகவே வாட்ச் செயலி யாருடையது என்று பார்த்து அனுமதி கொடுங்கள். அப்புறம், பேட்டரி சேமிப்பு என்று போன் அந்தச் செயலியைப் பின்னணியில் மூடிவிட்டாலும் இந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

ஐபோனில் வழி சுருக்கமானது. ஐஓஎஸ் 8 முதல் போனே 'ஆப்பிள் மீடியா சர்வீஸ்' என்ற சேவையை ப்ளூடூத் வழியாகத் தருகிறது. இணைத்த வாட்ச், இடையில் செயலி இல்லாமல், ஓர் எண்ணை எழுதினால் போதும்: 0 என்றால் ஓட்டு, 1 என்றால் நிறுத்து, 3 என்றால் அடுத்த பாட்டு. ஒரே ஒரு பைட்!

வாட்ச் திரையில் நொடி நொடியாக நகரும் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகப் போன் நொடிக்கொரு முறை தகவல் அனுப்புவதில்லை. எத்தனையாவது நொடி, என்ன வேகம் என்று ஒருமுறை சொல்லிவிடும். பிறகு கடந்த நேரத்தைத் தன் கடிகாரத்தைப் பார்த்து வாட்சே கூட்டிக்கொள்ளும். நிறுத்துவது, பாட்டு மாறுவது போல ஏதாவது நடந்தால்தான் அடுத்த தகவல். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பாட்டின் பெயர் வரும்போதுதான் தமிழுக்குச் சிக்கல். லோ எனர்ஜியின் ஆரம்ப அளவுப்படி, ஒருமுறை அனுப்பும் தகவல் பொட்டலத்தில் 20 பைட்தான் அடங்கும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழிலோ மெய்யெழுத்தின் புள்ளி, துணைக்கால் எல்லாமே தனிக் குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தாலாட்டு' நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி, 24 பைட். ஒரே சொல் பொட்டலத்தைத் தாண்டிவிடுகிறது. பெரிய பொட்டலத்துக்கு இரு கருவிகளும் ஒத்துக்கொண்டால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் முழுப் பெயர் வந்து சேர்ந்தாலும், வாட்சுக்குள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்துரு மட்டும் இருந்தாலும் போதாது. 'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னால் கொம்பையும் பின்னால் காலையும் போட வேண்டும் என்ற விதியும் வாட்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.