யூரோ தாளில் நாடு தேடாதீர்கள்

ஜெர்மனியில் வங்கிக் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். போன வாரமும் ஒருவர், எண் ஒய் எழுத்தில் தொடங்கும் யூரோ தாள்களை நீட்டினார். "தம்பி, இது கிரீஸ் காசு. எக்ஸ் போட்ட ஜெர்மன் தாளா மாத்தித் தாங்கோ." கிரீஸ் எழுத்துள்ள தாள் செல்லாமல் போகும் என்று அந்நாட்டுக் கடன் நெருக்கடியில் பரவிய வதந்தி இன்னும் அடங்கவில்லை.

சரி, மறுபடியும் சொல்கிறேன். யூரோ தாளுக்கு நாட்டு முகம் கிடையாது. 2002-இல் வந்த முதல் வரிசையில் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து, எந்த மத்திய வங்கியின் கணக்கில் அச்சானது என்பதைச் சொல்லும்: எக்ஸ் ஜெர்மனி, யு பிரான்ஸ், எஸ் இத்தாலி, ஒய் கிரீஸ். அவ்வளவுதான். 2013 முதல் வரும் புது வரிசையில் அதுவும் இல்லை. முதல் எழுத்து அச்சகத்தை மட்டும் குறிக்கும். ஜெர்மன் அச்சகங்களுக்கே எக்ஸ், டபிள்யூ, ஆர் என்று மூன்று எழுத்துகள்! ஒரு நாட்டுக்கு வேண்டியதை இன்னொரு நாட்டு அச்சகம் அடித்துக் கொடுப்பதும் வழக்கம். எந்த எழுத்தானாலும் யூரோ வழங்கும் நாடுகள் எல்லாவற்றிலும் அதே மதிப்பு. கட்டுப் போடும்போது நாங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பழைய வரிசைத் தாள்களும் செல்லும், வெளியிடுவதை நிறுத்திய 500 யூரோ உட்பட.

நாட்டு முகம் இருப்பது நாணயத்தில்தான். ஒரு பக்கம் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டுடையது. ஜெர்மனிக்குக் கழுகு, அயர்லாந்துக்கு யாழ், இத்தாலியின் 2 யூரோவில் கவிஞர் தாந்தே. குரோஷியாவின் 1 யூரோவில் மரநாய் இருக்கிறதென்று கள்ளக் காசாக நினைத்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நினைவு வெளியீடான 2 யூரோவும் எங்கும் செல்லும்.

கவனிக்க வேண்டியது வேறு. சேகரிப்போருக்கென வரும் 5, 10, 20 யூரோ நாணயங்கள் வெளியிட்ட நாட்டில் மட்டுமே செல்லும். அப்படிப்பட்ட ஜெர்மன் காசை வியன்னாவில் நீட்டினால் கடைக்காரர் வாங்க வேண்டியதில்லை. சந்தையில் மீதி வாங்கும்போது 2 யூரோவைத் திருப்பிப் பாருங்கள், துருக்கி 1 லிராவும் தாய்லாந்து 10 பாட்டும் ஏறக்குறைய அதே தோற்றம். சந்தேகமா? காந்தம் வையுங்கள். நல்ல 2 யூரோவின் நடுப்பகுதி மட்டும் லேசாக இழுபடும், வெளி வளையம் ஒட்டாது.

அப்புறம், புது வரிசைத் தாள் வாங்கினால் எழுத்தை விட்டுவிட்டுத் தாளைச் சாய்த்துப் பாருங்கள். இடப்பக்க மூலையில் மதிப்பைக் காட்டும் பச்சை எண் நீலமாக மாறாவிட்டால் உடனே கேளுங்கள், தயவுசெய்து, கடையை விட்டு வெளியே வந்த பிறகு அல்ல.