கஞ்சா கம்பெனி பீர் கம்பெனிய வாங்குனா உங்க ஷேருக்கு என்ன ஆகும்?

டொரன்டோல நான் வரிக் கணக்கு பாக்குறவன். போன சீசன்ல டிரக் ஓட்டுற ஒரு அண்ணன் வந்தார், டிஎஃப்எஸ்ஏ கணக்குல (கனடாவுல லாபத்துக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு) சட்டப்படி நடக்குற கஞ்சா கம்பெனி ஷேரு, போட்டதுல முக்கால்வாசி போச்சு, "தம்பி இந்த நஷ்டத்தயாவது வரில கழிச்சுக் குடு"ன்னார். முடியாதுங்க. அந்தக் கணக்குல லாபத்துக்கு வரி இல்லாத மாதிரியே நஷ்டத்தயும் எங்கயும் காட்ட முடியாது, அதுல இவ்வளவுதான் போடலாம்னு ஒரு லிமிட் உண்டு, கரைஞ்சு போன பணத்துக்கான லிமிட்டும் திரும்ப வராது. இத அவர் மூஞ்சியப் பாத்து சொல்றதுக்கு எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

"அந்தக் கம்பெனிக்காரன் வேற கம்பெனியெல்லாம் வாங்குனானே தம்பி, காசு இல்லாமயா வாங்குவான்"னு கேட்டார். இந்த நெனப்பு நெறைய பேருக்கு இருக்கு, அதனாலதான் எழுதுறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கேஸ எடுத்துக்குவோம். 2020 நவம்பர்ல கனடாவோட கஞ்சா கம்பெனி அஃப்ரியா, அட்லாண்டால இருக்குற ஸ்வீட்வாட்டர்ங்குற கிராஃப்ட் பீர் (சின்ன அளவுல தனி ருசியோட காய்ச்சுற பீர்) கம்பெனிய 30 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குறதா அறிவிச்சது. 25 கோடி ரொக்கம், 5 கோடிக்கு ஷேரு. ஸ்வீட்வாட்டரோட பேர் போன பீரு பேரே 420, அமெரிக்காவுல அது கஞ்சாவக் குறிக்கிற நம்பர். முதலீட்டாளர்கள் ரெண்டா பிரிஞ்சுட்டாங்க. பீர்ல இப்பவே வருமானம் வருது, அமெரிக்கா முழுக்க கஞ்சாவ அனுமதிச்சா அன்னிக்கு கடைகள்ல பிராண்டு ரெடியா இருக்கும்னு ஒரு பக்கம், கஞ்சா தொழிலே இன்னும் காலூன்றல, தெரியாத தொழில்ல ஏன் பணத்தப் போடுறீங்கன்னு இன்னொரு பக்கம்.

2021ல அஃப்ரியா டில்ரேங்குற இன்னொரு கஞ்சா கம்பெனியோட சேந்து டில்ரேங்குற பேர்லயே நடந்துச்சு, 2023ல ஆன்ஹைசர் புஷ்ங்குற பெரிய பீர் கம்பெனிகிட்டருந்து இன்னும் 8 பிராண்டு வாங்குனாங்க, அமெரிக்க கிராஃப்ட் பீர்ல முதல் அஞ்சு இடத்துக்குள்ள வந்துட்டாங்க. பீர நம்புனவங்க சொன்னது முழுசா தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க காத்துட்டிருந்த அந்தச் சட்டம் வரல. 2025 மே மாசத்தோட முடிஞ்ச நிதியாண்டுல டில்ரேக்கு சுமார் 220 கோடி டாலர் நஷ்டம், அதுல பெரும்பங்கு முன்னாடி வாங்குன சொத்துக்களோட மதிப்பக் கொறச்சு எழுதுனது. அதாவது குடுத்த வெலைக்கு அது வொர்த் இல்லன்னு கம்பெனியே தன் கணக்குப் புத்தகத்துல ஒத்துக்குறது.

அதவிட நான் முக்கியமா பாக்குறது ஷேர் எண்ணிக்கைய. டில்ரே புதுசு புதுசா ஷேரு வெளியிட்டதால, 2021ல சுமார் 45 கோடியா இருந்தது 2025ல 100 கோடியத் தாண்டிருச்சு. விற்பனை ஏறுச்சுன்னு நியூஸ் வரும், ஆனா அதே வருமானத்த ரெண்டு மடங்குக்கு மேல ஷேருக்குப் பங்கு போடணும், உங்க கையில இருக்குற ஷேரு நீங்க விக்காமலே சின்னதாகிருச்சு. இது எந்தத் தலைப்புச் செய்திலயும் வராது, காலாண்டு அறிக்கைலதான் இருக்கும்.

அந்த அண்ணனுக்கு அவர் வச்சிருந்த கம்பெனி அறிக்கைல ஷேர் எண்ணிக்கை இருக்குற எடத்த விரல் வச்சுக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது இலவசமாவே கெடைக்குமா தம்பி"ன்னு கேட்டார். கெடைக்கும்ணே, கம்பெனி வெப்சைட்லயே இருக்குன்னு சொல்லி அவர் ஃபோன்ல தெறந்து குடுத்தேன்.